எலும்புப் பசையும் போஷணையும்

மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் சில வருஷங்களாக ஒரு புதிய பெயர் அடிபடுகிறது. கொலாஜென் என்பது அந்தப் பெயர். பொடியாகவும், மாத்திரையாகவும், பழரசத்தில் கலந்த பானமாகவும் அது விற்பனையாகிறது. முகத்தில் சுருக்கம் விழாது, மூட்டு வலி நீங்கும், மயிர் உதிராது, நகம் உடையாது என்றெல்லாம் விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. ஒரு டப்பாவின் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. தனவந்தர்களின் மாளிகைகளில் மட்டுமல்ல, மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பங்களிலும் இந்த டப்பா இடம் பெற்றுவிட்டது. வாங்குவோரில் எத்தனை பேர் அந்தப் பொடி எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று விசாரித்திருப்பார்கள்? விசாரித்தவர்களில் எத்தனை பேருக்கு நேரான பதில் கிடைத்திருக்கும்?

பொருளைப் பழிப்பது நமது நோக்கமன்று. கொலாஜெனும், அதைக் காய்ச்சி எடுக்கும் ஜெலாட்டினும் மனிதனுக்கு மிகவும் உபயோகமான சரக்குகள். வைத்திய சாஸ்திரத்திலும் கைத்தொழிலிலும் அவை செய்துவரும் வேலை சாமானியமன்று. நாம் ஆட்சேபிப்பது வேறு. இந்தப் பசையைச் சிறந்த போஷணை என்று சொல்லி ஜனங்களிடம் தள்ளுவது இது முதல் தடவையல்ல. இருநூறு வருஷ காலத்திற்குள் இதற்கு முன் இரண்டு தடவை இப்படி நடந்திருக்கிறது. முதல் தடவை ஏழை நோயாளிகளின் வயிறு ஏமாந்தது. இரண்டாம் தடவை உயிர்களே போயின. இரண்டு விருத்தாந்தங்களும் அச்சில் இருப்பவை. மூன்றாம் தடவையாகப் பணத்தை எடுத்து நீட்டும் நம் ஜனங்கள் அவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கொலாஜென் என்ற சொல் கிரேக்க பாஷையிலிருந்து பிறந்தது. 'கொல்லா' என்றால் பசை. பசையை உண்டாக்குவது என்பதே பெயரின் பொருள். நம் தச்சர்கள் மரத்தை ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சுவதைக் கண்டவர்களுக்கு இது புதிய சரக்கே அல்ல. தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நார், இரத்தக் குழாய்களின் சுவர் ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜென். நமது தேகத்திலுள்ள புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது இதன் அமைப்பு. நீரில் இட்டுச் சூடு காட்டினால் முறுக்குப் பிரிந்து இழைகள் தனித்தனியாகின்றன. அந்தக் கரைசல்தான் ஜெலாட்டின். ஆறினால் பாகு போல் உறைந்து கட்டியாகும்; சுமார் 35 டிகிரி உஷ்ணத்தில் மீண்டும் இளகும். வாயில் போட்டவுடன் அது கரைவதற்குக் காரணம், நம் தேகத்தின் உஷ்ணம் அதைவிடச் சற்று அதிகமாக இருப்பதே.

தொழிற்சாலையில் நடப்பதையும் சொல்லிவிடுவோம். மாட்டெலும்பை உடைத்து, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுகிறார்கள். எலும்பைக் கடினமாக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தில் கரைந்து போய்விடும். எஞ்சுவது வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பண்டம். ஒஸ்ஸீன் என்று அதற்குப் பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்காக ஊற வைத்துக் கழுவி, வெந்நீரில் வடித்து, வடிகட்டி உலர்த்தினால் ஜெலாட்டின் கிடைக்கும். அமிலத்தில் கரைந்து போன சத்தையும் வீணாக்குவதில்லை. அதை மீட்டுக் கோழித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். பன்றித் தோலானால் சுண்ணாம்பு வேண்டாம், அமிலம் மட்டும் போதும். மீன் தோலிலிருந்தும் செதிளிலிருந்தும் எடுப்பதும் உண்டு. இப்படி வந்த பசையை நொதிப் பொருள்களால் இன்னும் சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால் அது உறையும் சக்தியை இழந்து, குளிர்ந்த நீரிலும் கரைந்துவிடும். டப்பாவில் அடைத்து விற்கும் கொலாஜென் பொடி இதுவே. இறைச்சிக் கடையும் தோல் பதனிடும் தொழிலும் மிச்சம் விடும் பொருள்களிலிருந்து பிறப்பது பற்றி நமக்கு இளக்காரம் இல்லை. மிச்சத்தைப் பயனுள்ளதாக்குவது நல்ல தொழிலே. ஆனால் டப்பாவின் மேலிருக்கும் பூவும் பனித்துளியும் இந்த வரலாற்றில் எங்கே வருகின்றன என்றுதான் நமக்கு விளங்கவில்லை.

மூன்று இழைக் கயிறு என்று சற்றுமுன் எழுதினோம். அந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் கூறியது நமது சென்னை நகரம் என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1952-ம் வருஷத்தில் சென்னை சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அவர் சர் ஸி. வி. ராமன் அவர்களின் மாணவர். அப்போது வயது முப்பதுதான். சென்னைக்கு விஜயம் செய்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜெனின் அமைப்பு இன்னும் யாருக்கும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அந்தப் பிரச்னையை எடுத்துக்கொண்டார். நல்ல மாதிரிச் சரக்கு வேண்டுமே! அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் நார் கிடைத்தது. அதை எக்ஸ்-ரே கிரணங்களால் படம் பிடித்து ஆராய்ந்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் விதத்தை விளக்கினார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தே தீர வேண்டும். அதைவிடப் பெரியது எதற்கும் கயிற்றின் உட்புறத்தில் இடமில்லை. மேல்நாட்டார் சில அம்சங்களை ஆட்சேபித்தார்கள். சில நுணுக்கங்கள் மாறவும் செய்தன. ஆயினும் மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. அதற்குச் சென்னையின் பெயராலேயே 'மதராஸ் ஹெலிக்ஸ்' என்ற பட்டமும் உண்டாயிற்று. ஒரு நாரின் உள்ளமைப்பை அணு அணுவாகப் பார்த்துச் சொன்ன நகரத்திலே, அதே நாரைப் பற்றி விளம்பரக்காரர் கூறுவதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளுவது விநோதமாக இருக்கிறது.

இனி, முதல் விருத்தாந்தம். 1681-ம் வருஷத்தில் டெனிஸ் பாபென் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் புஸ்தகம் வெளியிட்டார். நீராவி வெளியேறாதபடி இறுக மூடிய பாத்திரம் அது. இன்று நம் வீட்டு அடுப்புகளில் கூவும் பிரஷர் குக்கருக்கு அதுவே மூதாதை. அதில் வேகவைத்தால் கடின எலும்பும் மிருதுவாகிப் பசை விடும். ஏழைகளுக்கு இது நல்ல ஆகாரமாகும் என்று அவர் நம்பினார். நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர் அந்த எண்ணம் பெரிய இயக்கமாக வளர்ந்தது. பஞ்சமும் யுத்தமும் பாரிஸ் நகரத்தை வாட்டின. இறைச்சி வாங்க ஜனங்களிடம் பணமில்லை. எலும்போ குப்பையில் கிடந்தது. அதிலிருந்து சாறு எடுத்துத் தர்ம ஆஸ்பத்திரிகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் கொடுத்தால் செலவும் குறையும், ஏழையும் பிழைப்பான் என்று கணக்குப் போட்டார்கள். டார்ஸே என்ற ரஸாயன நிபுணர் இதில் முன்னின்றார். அமிலத்தாலும் நீராவியாலும் எலும்பிலிருந்து பசையை ஏராளமாக எடுக்கும் வழிகளை அவர் ஏற்படுத்தினார். 1829-ல் பாரிஸில் ஸென்ட் லூயி ஆஸ்பத்திரியில் அதற்கென்று பெரிய யந்திர சாதனம் அமைத்து, நாள்தோறும் நோயாளிகளுக்கு எலும்புப் பசை சூப் வழங்கினார்கள்.

டார்ஸே கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். அக்காலத்து ரஸாயன சாஸ்திரம் ஆகாரத்தை எடை போட்ட விதம் அப்படி இருந்தது. நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். பசையில் அது தாராளமாக இருந்தது. ஆகவே பசையும் இறைச்சியும் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார்கள். நோயாளி என்ன சொல்கிறான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. ஹோட்டல் தியூ ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், சூப்பின் ருசியும் வாசனையும் சகிக்கவில்லை, ஜீரணத்தைக் கெடுக்கிறது என்று புகார் செய்தார்கள். டோனே என்ற வைத்தியர் தம் உடம்பையே சோதனைச் சாலையாக்கினார். பசையை முக்கிய ஆகாரமாகக் கொண்டு நாட்களைக் கழித்தார். எடை குறைந்தது, பசி அடங்கவேயில்லை. 1831-ல் அவர் இதை வெளியிட்டார்.

வாதப் பிரதிவாதம் முற்றவே பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஒரு கமிட்டியை நியமித்தது. புகழ்பெற்ற தேகக்கூற்று நிபுணர் மாஜென்டி அதன் தலைவர். கமிட்டி அவசரப்படவில்லை. பத்து வருஷ காலம் நாய்களுக்கு விதவிதமான ஆகாரம் கொடுத்துப் பார்த்தது. பசையை மட்டும் கொடுத்தபோது நாய்கள் சில நாட்களில் அதை முகர்ந்தும் பார்க்க மறுத்தன. தின்ற நாய்களும் மெலிந்து மடிந்தன. 1841-ல் வந்த அறிக்கை, ஜெலாட்டின் இறைச்சிக்கு ஈடாகாது என்பதைத் தெளிவாக்கிற்று. கமிட்டியின் நேர்மையையும் கவனிக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவிலுள்ள புரதத்தையும் இறைச்சி நாரையும்கூடத் தனியே பிரித்துக் கொடுத்தால் நாய்கள் தேறவில்லை என்பதை அது மறைக்காமல் எழுதியது. பசை ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு அன்று அவர்களிடம் பதில் இல்லை. தெரிந்ததைச் சொன்னார்கள், தெரியாததைத் தெரியாது என்று விட்டார்கள்.

பதில் வர இன்னும் அறுபது வருஷங்களாயின. 1901-ல் இங்கிலாந்தில் ஹாப்கின்ஸும் கோலும் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது இல்லாமல் மனிதனோ எலியோ உயிர் வாழ முடியாது. தேகம் தானே அதை உண்டாக்கிக்கொள்ளவும் இயலாது. ஆகாரத்தில் வந்தாக வேண்டும். ஜெலாட்டினில் அது அறவே கிடையாது. வேறு சில அமிலங்களும் மிகச் சொற்பம். பத்திரிகைத் தொழிலிலிருந்தே இதற்கு உவமை சொல்லலாம். அச்சுக் கோப்பவரிடம் மூட்டை மூட்டையாக எழுத்துக்கள் இருக்கின்றன. ஆனால் 'க' என்ற எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. அவர் எத்தனை வரிகளைப் பிழையின்றிக் கோக்க முடியும்? மற்ற எழுத்துக்களை இன்னும் பத்து மூட்டை கொண்டுவந்து கொட்டினாலும் அவருடைய கஷ்டம் தீராது. புரதத்தின் தரத்தை மதிப்பிட இன்று உலகம் கையாளும் அளவுகோலின்படி, பாலுக்கும் முட்டைக்கும் முதல் மார்க் கிடைக்கிறது. கொலாஜெனுக்கு, தனியாக எடுத்துக்கொண்டால், பூஜ்யம். மற்ற ஆகாரங்களோடு சேர்ந்து வரும்போது அதன் அமிலங்களும் ஓரளவு பயன்படும் என்பது உண்மை. அதனால்தான் ஆட்டுக்கால் சூப் குடிப்பவர் யாரும் கெட்டுப் போவதில்லை. அவர் கூடவே சோறும் பருப்பும் சாப்பிடுகிறார்.

இரண்டாவது விருத்தாந்தம் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்கே பிரச்னை பஞ்சமல்ல, பருமன். 1976-ல் ராபர்ட் லின் என்ற வைத்தியர் உடம்பு இளைக்க வழி கூறும் ஒரு நூலை எழுதினார். 'கடைசி வாய்ப்பு' என்பது அந்தப் பத்தியத்தின் பெயர். திட ஆகாரம் எதையும் தொடக் கூடாது. திரவப் புரதம் என்று புட்டியில் விற்பதை மட்டும் குடித்து நாளுக்கு நானூறு கலோரிக்கும் குறைவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்க வேண்டும். புட்டியில் இருந்தது என்ன? தோலையும் நாரையும் கரைத்து, வாசனையும் இனிப்பும் கூட்டிய கொலாஜெனே. லட்சக்கணக்கானவர்கள் இதில் இறங்கினார்கள். எடை குறைந்தது, சந்தேகமில்லை. ஆனால் 1977-ல், அதற்கு முன் இருதய நோய் இல்லாத, நடுத்தர வயதுக்கும் குறைந்த ஸ்திரீகள் சிலர் திடீரென்று மாண்டார்கள். இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து மரணம் நேர்ந்தது என்று பரிசோதனைகள் காட்டின. சுமார் அறுபது மரணங்களைப் பற்றிய தகவல்கள் அமெரிக்க அதிகாரிகளை எட்டின. தரம் குன்றிய புரதமும், தாதுச் சத்துக்களின் குறைவும், நீடித்த பட்டினியும் சேர்ந்து இருதயத் தசையையே அரித்துவிட்டன என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். பாரிஸ் கமிட்டியின் அறிக்கைக்கு அப்போது வயது நூற்று முப்பத்தாறு.

இன்றைய பொடியை அத்துடன் ஒப்பிட்டுப் பயமுறுத்துவது நியாயமாகாது. தினம் ஒரு கரண்டிப் பொடியை வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பவருக்கு அபாயம் இல்லை; மீனோ மாட்டுச் சரக்கோ ஒவ்வாதவர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேள்வி வேறு. சொன்ன பலன் கிடைக்கிறதா?

விளம்பரத்தின் தர்க்கம் எளியது. தோலில் கொலாஜென் இருக்கிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. ஆகவே கொலாஜெனைக் குடித்தால் தோலுக்குப் போய்ச் சேரும். குடலுக்கு இந்தத் தர்க்கம் தெரியாது. எந்தப் புரதத்தைத் தின்றாலும் அது அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த சிறு துணுக்குகளாகவும் சிதைந்த பிறகே இரத்தத்தில் சேருகிறது. கொலாஜெனுக்கே உரிய சில துணுக்குகள் இரத்தத்தில் காணப்படுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவை தோலிலுள்ள உயிரணுக்களைத் தூண்டக் கூடும் என்ற ஊகம் அதிலிருந்து எழுந்தது. ஊகம் அசட்டுத்தனமானதல்ல; பரீட்சிக்கத் தகுந்ததே. பரீட்சித்தும் இருக்கிறார்கள். தோலின் ஈரமும் நெகிழ்வும் சிறிது கூடின என்று பல சிறு சோதனைகள் கூறுகின்றன. ஆனால் அச்சோதனைகளில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது யார் என்று பார்த்தால் சரக்கை விற்பவர்களே நிற்கிறார்கள். 2025-ல் இப்படிப்பட்ட 23 சோதனைகளைத் திரட்டி ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் பலன் இருப்பது போல் தோன்றியது. கம்பெனிப் பணம் பெறாத சோதனைகளை மட்டும் தனியே எடுத்தால் பலன் மறைந்துவிட்டது. தரமான முறையில் நடந்த சோதனைகளிலும் அதே கதை. மூட்டு விஷயத்தில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம் 2011-லேயே ஆதாரங்களைப் பரிசீலித்து, கொலாஜென் பொடிக்கும் மூட்டின் நலத்துக்கும் காரண காரிய சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புக் கூறியிருக்கிறது. நாளைக்கு நல்ல ஆதாரம் வந்தால் ஏற்போம். வருவதற்கு முன்பே விலையை வசூலித்துக்கொண்டிருக்கிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

தேகம் கொலாஜெனைத் தானே நெய்துகொள்ளுகிறது. அதற்கு வேண்டியவை பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் மீனிலும் வரும் சாதாரணப் புரதம். அத்துடன் வைட்டமின் 'ஸி'. இந்த வைட்டமின் இல்லாவிட்டால் மூன்று இழைக் கயிறு சரியாக முறுக்கேறாது. கப்பற்படையினரைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற ஸ்கர்வி நோய் இதன் விளைவே. ஈறு அழுகிப் பல் ஆடி, ஆறின புண்ணும் மறுபடி வாய் திறக்கும். 1747-ல் ஜேம்ஸ் லிண்டு என்ற கப்பல் வைத்தியர் எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்து அந்நோயாளிகளைத் தேற்றினார். நம் ஊர் நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் இந்த வேலையைச் செய்கின்றன; ஆனால் போதுமான அளவுக்கு மேல் விழுங்கினால் கொலாஜென் பெருகிவிடும் என்று எண்ணுவதும் மயக்கமே. தோலின் கொலாஜெனை அழிப்பதில் வெயிலும் புகையிலையும் முன்னணியில் நிற்கின்றன. தலையில் ஒரு துணியும், பீடி சிகரெட்டை விடுவதும் எந்தக் கம்பெனிக்கும் லாபம் தராதவை. அதனாலோ என்னவோ அவற்றுக்கு விளம்பரம் இல்லை.

வைத்தியத்தில் இந்தப் பசைக்கு இருக்கும் மதிப்பு முற்றிலும் வேறு விதமானது. அங்கே அது போஷணை என்று வேஷம் போடவில்லை. 1834-ல் பாரிஸில் மோத், டூப்ளாங் என்ற இருவர் கசப்பு மருந்தை ஜெலாட்டின் உறையில் அடைக்கும் முறைக்கு உரிமை பெற்றார்கள். இன்று உலகம் முழுவதும் விழுங்கும் கூண்டு மாத்திரைகளுக்கு அதுவே ஆரம்பம். ரண சிகிச்சையில் இரத்தம் கசியும் இடத்தை அடைக்க ஜெலாட்டின் பஞ்சு வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் தேகமே அதைக் கரைத்துக்கொள்ளும். மிருகங்களின் குடலிலிருந்து எடுக்கும் தையல் இழை கொலாஜென்தான். தீப்பட்ட புண்ணின் மேல் கொலாஜென் படலத்தைப் போர்த்துகிறார்கள். சில தடுப்பு மருந்துகளில் உயிர்ப்பொருள் கெடாமல் காக்கவும் ஜெலாட்டின் சேருகிறது. ஜப்பானில் சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கவே, 1990-களின் பிற்பகுதியில் அங்குள்ள தயாரிப்பாளர்கள் அதை நீக்கவோ மாற்றவோ செய்தார்கள். குறை தெரிந்ததும் திருத்தினார்கள். மருந்துச் சரக்கென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இங்கும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. நம் நாட்டில் மரக்கறி உணவினர் கோடிக்கணக்கானவர்கள். பன்றியை விலக்கியவர்களும் மாட்டை விலக்கியவர்களும் கோடிக்கணக்கானவர்கள். 2001 முதல் உணவுப் பொட்டலங்களின் மேல் பச்சை அடையாளமோ பழுப்பு அடையாளமோ இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மருந்துக் கூண்டுக்கு அந்த விதி எட்டவில்லை. உயிர் காக்கும் மருந்துகள் நீங்கலாக மற்றவற்றிலும் அடையாளம் வேண்டும் என்று 2002-ல் தில்லி ஹைகோர்ட்டு கூறியது. அது சர்க்கார் தீர்மானிக்க வேண்டிய கொள்கை விஷயம் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்துச் செய்தது. நோயாளி பழுப்பு அடையாளத்தைக் கண்டு மருந்தையே நிறுத்திவிடுவான் என்ற அச்சம் கவனிக்கத் தக்கதே. நாமும் எந்த நோயாளியும் வைத்தியரைக் கேளாமல் கூண்டைத் தூக்கி எறிவதை ஆதரிக்கவில்லை. எனினும், மரநாரிலிருந்து எடுக்கும் ஸெல்லுலோஸால் செய்த கூண்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கும்போது, கேட்பவனுக்கு உண்மையைச் சொல்லி வேறு வழியும் காட்டுவதில் என்ன கஷ்டம்? இனிப்புப் பண்டங்களிலோ பிரச்னையே எழவில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. பாலில் இட்டு உறைய வைத்தால் நமது உஷ்ண தேசத்தில் ஜெலாட்டினைப் போல் மேஜை மேலேயே இளகிவிடுவதும் இல்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. பச்சை அடையாளத்துடன் 'தாவரக் கொலாஜென்' என்ற பெயரில் சில டப்பாக்கள் விற்கின்றன. தாவரங்களில் கொலாஜென் கிடையாது. ஓர் இலையிலும் இல்லை, ஒரு வேரிலும் இல்லை. ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களைப் பழக்கிக் கொலாஜெனை உற்பத்தி செய்யும் முறை இருக்கிறது; இந்த டப்பாக்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுவுமன்று. உள்ளே இருப்பது நெல்லிச் சாறும், வைட்டமினும், சில அமினோ அமிலங்களும். தேகம் கொலாஜென் செய்ய இவை உதவும் என்பது சிறிய எழுத்தில். கொலாஜென் என்பது பெரிய எழுத்தில். உணவு விளம்பரங்கள் உண்மையாகவும், ஜனங்களை மயக்காதவையாகவும் இருக்க வேண்டும் என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளே விதி செய்திருக்கிறார்கள். அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். கொலாஜென் இல்லாத டப்பாவில் அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போடக் கூடாது. இருக்கும் டப்பாவில் மாடா, பன்றியா, மீனா என்பதைத் தமிழிலும் போட வேண்டும். இது முழுமையான புரதம் அன்று, சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொள்ளத் தகாதது என்ற வாசகம் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ புதிய இலாகாவோ தேவையில்லை; ஒரு சுற்றறிக்கை போதும்.